பேச முடிகிறவர் பேச வேண்டும்

(உலக மூளைக்கட்டி நாளையொட்டி, ராஜபாளையத்தில் நோயாளிகளும் குடும்பத்தாரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் எழுதி வைத்துத்தான் படிக்கப் போகிறேன். என் கட்டி இருப்பது இடது பக்கம், பேச்சுக்குப் பொறுப்பான பகுதிக்குப் பக்கத்தில். சில நேரம் தெரிந்த சொல்லே வராது. எதிரில் குடை இருக்கும், அது எதற்கு என்று தெரியும், பெயர் மட்டும் வராது. மில்லில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தபோது 'அந்த இது எங்கே?' என்று கேட்டுக் கேட்டே ஆபீஸ் பையன்களைப் பாடாய்ப் படுத்தியிருக்கிறேன். நடுவில் நான் நின்றுவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். சொல் வந்ததும் தொடர்வேன்.

இன்று நான் சொல்ல வந்தது ஒன்றுதான். இதயத்தில் கோளாறு என்றால் நோயாளி வாய்விட்டுக் கேட்கிறார், சண்டை போடுகிறார். சிறுநீரகம் கெட்டவரும் அப்படியே. மூளையில் கட்டி வந்தவருக்கு, தனக்காகப் பேசும் திறனே முதலில் அடிபடலாம். நினைவு, பேச்சு, பார்வை, நிதானம், கையெழுத்து என்று எது வேண்டுமானாலும் போகலாம். கட்டி கொடிய வகையாக இருந்தால் பேசக் கற்றுக்கொள்ளும் முன்பே காலம் முடிந்துவிடுகிறது. அதனால்தான் இந்த நோய்க்காரர்களுக்குக் குரல் குறைவு. மெதுவாக வளரும் கட்டி உள்ளவர்கள், ஆபரேஷனில் முழுதாக எடுக்கப்பட்டவர்கள், பல ஆண்டுகளாகக் கட்டியோடு குடித்தனம் நடத்துகிற என்னைப் போன்றவர்கள், இவர்களுக்குத்தான் பேச நேரமும் நாக்கும் மிச்சம் இருக்கின்றன. மற்றவர்களுக்காகப் பேச வேண்டிய கடனும் எங்களுக்கே.

முதலில் நோயைப் பற்றிச் சுருக்கமாக. மூளைக்கட்டி ஒரே நோய் அல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள் இருக்கின்றன. மூளையின் உறையில் முளைக்கும் மெனிஞ்சியோமா பெரும்பாலும் சாதுவானது. மூளைத் திசுவிலேயே தோன்றும் கிளையோமாவில் நான்கு நிலைகள். அதில் நான்காம் நிலையான கிளையோபிளாஸ்டோமாதான் மிகக் கொடியது. நுரையீரலிலோ மார்பிலோ வந்த புற்று மூளைக்குப் பரவியும் கட்டியாகலாம். புற்று அல்லாத கட்டியும் இங்கே ஆபத்தானது, ஏனென்றால் மண்டையோடு விரிந்து கொடுக்காத பெட்டி. உள்ளே எது வளர்ந்தாலும் பக்கத்தில் இருப்பதைத்தான் நசுக்கும். 'சாதாக் கட்டிதானாம்' என்று யாராவது ஆறுதல் சொன்னால், எந்த இடத்தில் என்று கேளுங்கள்.

இது தொற்றாது. மிகச் சில பரம்பரை நோய்களைத் தவிர, அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு வருவதும் இல்லை. இதை மேடையில் சொல்ல வேண்டியிருக்கிறது. 'தலையில கட்டி' என்று தெரிந்தால் வீட்டில் பெண்ணுக்கு மாப்பிள்ளை வராது என்று மூடி மறைக்கிற குடும்பங்கள் நம் ஊர்களில் இன்னும் இருக்கின்றன.

எப்படித் தெரியும்? காலையில் எழும்போதே தலைவலி, அதோடு வாந்தி. இது நாளுக்கு நாள் கூடினால் கவனிக்க வேண்டும். அதுவரை வலிப்பே வராத பெரியவருக்கு முதல் முறையாக வலிப்பு வந்தால் ஸ்கேன் பார்த்தே ஆக வேண்டும். ஒரு கை மட்டும் கனத்துப் போவது, பட்டன் போடத் தடுமாறுவது, பார்வையில் ஒரு பக்கம் மறைவது, குணம் மாறுவது எல்லாமே அடையாளங்கள்தான். தலைவலி வந்தவர்களில் மிகப் பெரும்பாலானோருக்குக் கட்டி கிடையாது, அதனால் பயப்பட வேண்டாம். ஆனால் வாந்திக்கு கேஸ் மாத்திரை, தலைவலிக்குக் கண்ணாடி, வலிப்புக்கு மந்திரிச்ச கயிறு என்று மாதக்கணக்கில் ஓடிவிடுவதுதான் இங்கே நான் அதிகம் கேட்கும் கதை.

வலிப்பு வந்தவர் கையில் இரும்புச் சாவியைத் திணிக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. இரும்புக்கும் வலிப்புக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. வலிப்பு பெரும்பாலும் ஓரிரு நிமிடத்தில் தானாகவே நிற்கும். நின்றதும் சாவிக்குப் பெயர் கிடைத்துவிடுகிறது. செய்ய வேண்டியது இவ்வளவுதான்: சுற்றி இருக்கும் கூரான பொருளை நகர்த்துங்கள். தலைக்கு அடியில் துண்டு வையுங்கள். ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். வாயில் தண்ணீரோ கரண்டியோ எதுவும் வேண்டாம். கையைக் காலைப் பிடித்து அமுக்க வேண்டாம். கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால், அல்லது நினைவு திரும்பும் முன் அடுத்தது வந்தால், 108-ஐக் கூப்பிடுங்கள்.

மூளையைத் திறந்து கட்டியை எடுக்கும் வைத்தியம் எவ்வளவு பழையது? நரம்புச் சோதனையால் மட்டுமே இடத்தைக் கணித்து மூளைக் கட்டியை எடுத்த முதல் ஆபரேஷன் 1884 நவம்பரில் லண்டனில் நடந்தது. செய்தவர் ரிக்மன் காட்லி. உயிரோடு இருப்பவரின் மூளையைச் சிடி ஸ்கேனில் முதன்முதலாகப் பார்த்தது 1971 அக்டோபர் 1. அந்த நோயாளிக்கும் மூளையின் முன்பகுதியில் கட்டி இருப்பதாகச் சந்தேகம். இன்று அரைமணி நேரத்தில் பார்ப்பதை அதற்கு முன் தலைமுறைகள் ஊகித்துத்தான் கத்தியை எடுத்தன.

நம் ஊருக்கும் இந்த வரலாற்றுக்கும் ஒரு தொடர்பு உண்டு. ராஜபாளையத்துக்காரரான பூ.ச. குமாரசாமி ராஜா சென்னை மாகாணத்தின் ஆட்சித் தலைமையில் இருந்தது 1949 முதல் 1952 வரை. அதே 1949-ல்தான் வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் ஜேக்கப் சாண்டி இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைத் துறையைத் தொடங்கினார். 1950-ல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் டாக்டர் பி. ராமமூர்த்தி அதே பணியை ஆரம்பித்தார். 1951-ல் இவர்கள் இருவரும், எஸ்.டி. நரசிம்மன், பல்தேவ் சிங் ஆகியோரும் சேர்ந்து இந்திய நரம்பியல் சங்கத்தை அமைத்தார்கள். 1952-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியில் அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 1954-ல் பன்னிரண்டு படுக்கைகளோடு அது திறந்தது. நம் ஊர்க்காரர் கோட்டையில் இருந்த அந்த மூன்று ஆண்டுகளில் மூளை அறுவை இந்த மாகாணத்தில் வேர்விட்டது. அது நம் ஊர் வரை வந்து சேர எத்தனை காலம் ஆனது என்பதைத்தான் இனி யோசிக்க வேண்டும்.

ராஜபாளையத்திலிருந்து மதுரை பெரியாஸ்பத்திரி 85 கிலோமீட்டர் போல. திருநெல்வேலியும் ஏறக்குறைய அதே தூரம். விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. அது நம் மாவட்டத்துக்குப் பெரிய பலம். ஆனாலும் பெரிய ஆபரேஷன், கரண்ட் வைப்பது என்றால் பலர் மதுரைக்கோ சென்னைக்கோதான் போகிறார்கள். செங்கோட்டையிலிருந்து வரும் பொதிகை எக்ஸ்பிரஸில் ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ஏறுகிறவர்களில், கையில் பெரிய ஸ்கேன் கவரோடு இருப்பவர்களைப் பாருங்கள். எங்கே போகிறார்கள் என்று கேட்க வேண்டியதில்லை.

கரண்ட் வைப்பது என்று நாம் சொல்லும் கதிர்வீச்சுச் சிகிச்சை, கிளையோபிளாஸ்டோமாவுக்கு வழக்கமாக முப்பது தடவை. வாரத்துக்கு ஐந்து நாள், ஆறு வாரம். ஒவ்வொரு நாளும் படுக்கையில் இருப்பது சில நிமிடங்கள்தான். அந்தச் சில நிமிடத்துக்காக ஆறு வாரம் வெளியூரில் தங்க வேண்டும். விசைத்தறி ஓட்டுகிறவருக்கும், தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறவருக்கும், உடன் வரும் மனைவிக்கும் ஆறு வாரக் கூலி போச்சு. லாட்ஜ் வாடகை, சாப்பாடு, ஊரில் விட்டுவந்த பிள்ளைகள் என்று கூட்டிப் பாருங்கள். சிகிச்சை இலவசமாகக் கிடைத்தும் பாதியில் நிறுத்தி ஊருக்கு வந்துவிடுகிறவர்கள் இந்தக் கணக்கில்தான் தோற்கிறார்கள். அவர்களை 'பயந்து ஓடி வந்துட்டான்' என்று பேசுவது அநியாயம்.

பேச்சுப் பகுதிக்குப் பக்கத்தில் கட்டி இருந்தால், சில இடங்களில் நோயாளியை விழிக்க வைத்தே ஆபரேஷன் செய்கிறார்கள். மூளைக்கு வலி தெரியாது. தோலுக்கும் எலும்பு உறைக்கும் மரத்துப்போக ஊசி போட்டால் போதும். எனக்கும் அப்படித்தான் நடந்தது. படம் காட்டிப் பெயர் கேட்பார்கள். டாக்டர் மெல்லிய மின்தூண்டலால் ஒரு புள்ளியைத் தொடும்போது வாய் அடைத்தால், அந்த இடத்தில் கத்தி வைக்க மாட்டார்கள். இதில் நம் ஊர்க்காரர் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. ராஜபாளையத்தில் நிறைய வீடுகளில் பேசுவது தெலுங்கு, தெருவில் இறங்கினால் தமிழ். இரண்டு மொழி தெரிந்தவரின் மூளையில் இரண்டுக்கும் பொதுவான இடங்களும் உண்டு, ஒன்றுக்கு மட்டுமே உரிய இடங்களும் உண்டு. 1970-களிலேயே இதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஒரு மொழியில் மட்டும் சோதித்தால் மற்றதற்குச் சேதம் வரலாம். ஆகவே ஆபரேஷனுக்கு முன்பே டாக்டரிடம் சொல்லுங்கள்: 'ஐயா, நான் வீட்டில் பெண்டாட்டி பிள்ளைகளோடு தெலுங்கு பேசுகிறவன், கடையிலும் வேலையிலும் தமிழ் பேசுகிறவன்.' இதை அவர்கள் கேட்காவிட்டாலும் நாம் சொல்ல வேண்டும். நோயாளிக்காகப் பேசுவது என்று நான் சொல்வது பெரும்பாலும் இப்படிப்பட்ட சின்னச் சின்ன வாக்கியங்களைத்தான்.

உலகத்தில் இதை யார் ஆரம்பித்தார்கள்? ஜூன் 8-ஐ மூளைக்கட்டி நாளாக 2000-ல் அறிவித்தது ஜெர்மனியின் லைப்சிக் நகரில் இயங்கும் நோயாளி உதவிச் சங்கம். 2005-ல் பல நாட்டு அமைப்புகளை இணைத்து ஒரு சர்வதேசக் கூட்டணி உருவானது. அதை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர், மனைவியை இந்த நோய்க்குப் பறிகொடுத்த ஆஸ்திரேலியர் டெனிஸ் ஸ்ட்ராங்மன். இன்னொருவர், மகனின் மூளைக்கட்டியோடு போராடிக்கொண்டிருந்த கேத்தி ஆலிவர். அந்த மகன் 2011-ல் இறந்தார், தாய் வேலையை விடவில்லை. இந்தியாவில் மும்பை டாடா நினைவு மருத்துவமனை மருத்துவர்களின் முயற்சியால் மூளைக்கட்டிக்கென்றே ஓர் அறக்கட்டளை இயங்குகிறது. கவனித்தீர்களா? உலகம் முழுவதும் இந்த நோய்க்காகக் குரல் கொடுத்தவர்களில் நிறையப் பேர் கணவன், மனைவி, தாய், தகப்பன்தான்.

நோயாளியே எழுந்து பேசியதும் உண்டு. பிரிட்டனில் அமைச்சராக இருந்தவர் டெஸ்ஸா ஜோவல். 2017 மே மாதம் அவருக்குக் கிளையோபிளாஸ்டோமா என்று தெரிந்தது. 2018 ஜனவரி 25-ல் பிரபுக்கள் சபையில் எழுந்து, மூளைப்புற்று நோயாளிகளுக்குப் புதிய சிகிச்சைகள் எட்டுவதில்லை, ஆராய்ச்சிக்குப் பணம் இல்லை என்று பேசினார். நடுவில் சொல் தடுமாறியது, வரியைத் தேடித் தேடிப் படித்தார். சபை முழுவதும் எழுந்து நின்று கைதட்டியது, அந்தச் சபையில் அது வழக்கமே இல்லை. அடுத்த சில வாரங்களில் அரசு ஆராய்ச்சிக்கு நிதி அறிவித்தது. அதே ஆண்டு மே 12-ம் தேதி அவர் இறந்தார். கட்டியைப் பளிச்சென்று இளஞ்சிவப்பாகக் காட்டும் ஒரு மருந்தை, ஆபரேஷனுக்கு முன் நோயாளி குடிக்கும் அந்தத் திரவத்தை, எல்லா அரசு மூளைப்புற்று மையங்களுக்கும் கொண்டுபோவதாக அரசு பிறகு அறிவித்தது. அமைச்சராக இருந்தவர் என்பதால் மேடை கிடைத்தது, உண்மைதான். ஆனால் அந்த மேடையில் அவர் கேட்டது தனக்கு அல்ல.

மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கம் ஒரு கதை. கண்ணூரைச் சேர்ந்த மலையாளச் சீரியல் நடிகை சரண்யா சசி. 2012-ல் மூளைக்கட்டி தெரியவந்தது. எடுத்தார்கள், திரும்ப வந்தது, திரும்ப எடுத்தார்கள், மறுபடியும் வந்தது. சேமிப்பு கரைந்தது. அவருக்காக நின்றவர் உடன் நடித்த சீமா ஜி. நாயர். ஊர் ஊராகக் கேட்டுப் பணம் திரட்டி, திருவனந்தபுரத்தில் ஒரு வீடே கட்டிக் கொடுத்தார்கள். அந்த வீட்டுக்குச் சரண்யா தன் தோழியின் பெயரைச் சேர்த்து 'ஸ்னேக சீமா' என்று வைத்தார். 2021 ஆகஸ்ட் 9-ல் சரண்யா காலமானார். டெஸ்ஸா ஜோவலுக்கு நாடாளுமன்றம் கிடைத்தது, சரண்யாவுக்கு ஒரு தோழி கிடைத்தார். நமக்கெல்லாம் கிடைக்கக்கூடியது இரண்டாவதுதான். நம்மால் ஆகக்கூடியதும் அதுதான்.

ஆஸ்பத்திரிக் கவுண்டரில் முதலில் கேட்பார்கள்: 'கூட யாரு வந்திருக்கா?' அந்தக் கூட வந்த ஆளுக்குத் தெரிந்திருக்க வேண்டியவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது காகிதம். டிஸ்சார்ஜ் சம்மரி, பயாப்சி ரிப்போர்ட், ஸ்கேன் படமும் சிடியும், கரண்ட் வைத்ததன் அளவு எழுதிய தாள், இவற்றைத் தேதி வரிசையில் ஒரே ஃபைலில் வையுங்கள். செல்போனிலும் படம் எடுத்து வையுங்கள். பயாப்சி எடுத்த திசுவை மெழுகில் பதித்து 'பிளாக்' என்று பரிசோதனைக் கூடத்தில் வைத்திருப்பார்கள். அதைக் கேட்டு வாங்கலாம். 2021-ல் வந்த வகைப்பாட்டில் கட்டியின் மரபணு மாற்றமும் சேர்ந்துதான் அதன் பெயரைத் தீர்மானிக்கிறது. சில மருந்துகள் அந்த மாற்றம் இருந்தால்தான் வேலை செய்யும். 2024 ஆகஸ்டில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற வோராசிடெனிப் என்ற மாத்திரை அப்படிப்பட்டது. ஐ.டி.எச். என்ற மரபணு மாற்றம் உள்ள இரண்டாம் நிலைக் கட்டிகளுக்கானது. அது நம் கைக்கு எட்டுகிற விலையில் எப்போது வரும் என்பது அடுத்த வழக்கு. வரும்போது பிளாக் இல்லாதவர் தலையைத் திரும்பத் திறக்க வேண்டியிருக்கும்.

இரண்டாவது பணம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012 ஜனவரியில் வந்தது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் இவற்றோடு விருதுநகர் ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கும் மையத்துக்குப் போக வேண்டும். வலிப்பு வந்து விழுந்த பிறகு இதற்கு அலைவதைவிட இந்த வாரமே போய் வாங்கி வைப்பது நல்லது.

மில் தொழிலாளர்களுக்கு ஒரு தனிச் செய்தி. இ.எஸ்.ஐ.யில் சாதாரண நோய்க்கு ஆண்டுக்கு 91 நாள்தான் பணம் வரும் என்று எல்லோருக்கும் தெரியும். நீண்டகால நோய்கள் என்று 34 நோய்களின் பட்டியல் ஒன்று உண்டு என்பது பலருக்குத் தெரியாது. புற்றுநோய் அதில் இருக்கிறது. மண்டைக்குள் இடத்தை அடைக்கும் கட்டியும் தனியாகவே அதில் இருக்கிறது. அதாவது புற்று அல்லாத மூளைக்கட்டிக்கும் பொருந்தும். போதிய காலம் சந்தா கட்டியிருந்தால் சம்பளத்தில் 80 சதவீதம் வரை, இரண்டு ஆண்டு வரை பெறலாம். இது தெரியாமல் மூன்று மாதம் முடிந்ததும் தலையில் தையலோடு தறிக்குத் திரும்பிய ஆட்களை நான் பார்த்திருக்கிறேன்.

புற்றுநோயாளி சிகிச்சைக்குப் போக ரயிலில் சலுகை உண்டு. ஸ்லீப்பரிலும் மூன்றாம் ஏசியிலும் நோயாளிக்குக் கட்டணமே இல்லை, கூடப் போகிறவருக்கு முக்கால் பங்கு தள்ளுபடி. ஆஸ்பத்திரியில் அதற்கான படிவத்தில் கையெழுத்து வாங்க வேண்டும். பார்வையோ கைகாலோ பேச்சோ நிரந்தரமாகப் பாதிக்கப்பட்டிருந்தால், 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். 40 சதவீதம் என்று வந்தால் பல உதவிகளுக்கு வழி திறக்கும். தனியார் காப்பீட்டுக் கம்பெனி 'முன்னமே இருந்த நோய்' என்று கையை விரித்தால் வாயை மூடிக்கொண்டு வர வேண்டாம். மாவட்ட நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறது. இலவசச் சட்ட உதவியும் அங்கேயே கிடைக்கும். பெண்களும் மாற்றுத்திறனாளிகளும் வருமான வரம்பு இல்லாமலே அதைக் கேட்கலாம். ஆண்டாளைக் கும்பிடப் போகிறவர்கள் அப்படியே கோர்ட்டுப் பக்கமும் ஒரு எட்டு வையுங்கள்.

மூன்றாவது மாத்திரை. வலிப்பு மாத்திரையை 'இப்பதான் வரலையே' என்று நிறுத்தாதீர்கள். வராமல் இருப்பதே மாத்திரையால்தான். வலிப்பு உள்ளவர் வண்டி ஓட்டக் கூடாது, கிணற்றில் தனியாக இறங்கக் கூடாது, அய்யனார் கோயில் அருவிக்கும் செண்பகத்தோப்புக்கும் போனால் ஆள் துணையில்லாமல் குளிக்கக் கூடாது. மூளை வீக்கத்துக்குக் கொடுக்கும் டெக்சாமெதசோன் ஒரு ஸ்டீராய்டு. முகம் உப்பும், தூக்கம் போகும், கோபம் வரும், சர்க்கரை ஏறும், பசி அடங்கவே அடங்காது. பார்க்க வருகிறவர்களோ ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவை அரைக்கிலோ டப்பாவாகக் கொண்டு வருவார்கள்! தயவுசெய்து பழம் கொண்டு வாருங்கள், அதுவும் டாக்டரைக் கேட்டுக்கொண்டு. அந்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து, டாக்டர் சொல்லும் கணக்கில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

நான்காவது, யாரும் பேசாத விஷயம். முன்மூளையில் கட்டி இருந்தால் மனுஷரே மாறிப்போகலாம். அதிர்ந்து பேசாதவர் கெட்ட வார்த்தை பேசுவார். சிக்கனக்காரர் பணத்தை வாரி இறைப்பார். இன்னொருவர் எதிலுமே நாட்டமில்லாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். 'அவரு முன்ன மாதிரி இல்லண்ணே' என்று ஒரு மதினி என்னிடம் அழுதார். மாமியார் வீட்டில் அவரைத்தான் குறை சொன்னார்களாம், புருஷனைச் சரியாகக் கவனிக்கவில்லை என்று. அந்தக் கோபம் கணவருடையது அல்ல, நோயுடையது. இதை அந்த வீட்டுப் பெரியவர்களுக்கு எடுத்துச் சொல்ல வெளியிலிருந்து ஒரு ஆள் வேண்டியிருந்தது. நோயாளியைக் கவனிக்கிற மனைவிக்கும், வேலையை விட்டுவிட்டு வந்த மகனுக்கும் வாரத்தில் அரை நாளாவது ஓய்வு வேண்டும். அந்த அரை நாள் போய் உட்கார்ந்திருக்க நம்மில் யாராலும் முடியும்.

சத்திரப்பட்டியிலிருந்து வந்தவர்களிடம் ஒன்று சொல்ல ஆசை. நாட்டின் ஆஸ்பத்திரிகளுக்கு பேண்டேஜ் துணியும் காஸ் துணியும் நெய்து அனுப்புகிற ஊர் உங்களுடையது. ஆபரேஷன் முடிந்து வந்தபோது என் தலையில் சுற்றியிருந்தது உங்கள் தறித் துணியாகவும் இருந்திருக்கலாம். அப்பேர்ப்பட்ட பகுதியில் தலையில் தையல் போட்டவர் ஏன் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு, சந்துக்குள் நடந்து போக வேண்டும்?

எண்களைப் பற்றியும் நேர்மையாகப் பேசுவோம். கிளையோபிளாஸ்டோமாவுக்குக் கரண்டோடு டெமோசோலமைட் மாத்திரையும் சேர்த்துக் கொடுத்த ஆய்வு 2005-ல் வெளியானது. மாத்திரை இல்லாதவர்களில் இரண்டு ஆண்டு கடந்தவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர், மாத்திரை எடுத்தவர்களில் இருபத்தாறு பேர். பாதிப் பேர் உயிரோடிருந்த காலம் பன்னிரண்டு மாதத்திலிருந்து பதினாலரை மாதமானது. இது சின்ன முன்னேற்றம்தான், மறைப்பதற்கில்லை. ஆனால் பதினாலரை என்பது பாதி ஆட்களின் எல்லைக்கோடு, மீதிப் பாதி அதைத் தாண்டியவர்கள். 'எத்தனை மாசம்?' என்று டாக்டரிடம் கேட்கிறவர்கள், 'என் கட்டி எந்த வகை, எந்த நிலை, எவ்வளவு எடுத்தீர்கள்?' என்றும் சேர்த்துக் கேளுங்கள். அப்போதுதான் எண்ணுக்குப் பொருள் வரும். எந்தக் கட்டத்திலும், 'என்ன ஆச்சு என்று எனக்குச் சொல்ல வேண்டாம், மகனிடம் சொல்லுங்கள்' என்று சொல்லவும் நோயாளிக்கு உரிமை உண்டு. தனக்குச் சொல்லச் சொல்லிக் கேட்கவும் உரிமை உண்டு. பெரும்பாலான வீடுகளில் நாம் அவரைக் கேட்பதே இல்லை.

கட்டி திரும்ப வந்து, இனி ஆபரேஷன் இல்லை என்று சொன்ன பிறகும் வைத்தியம் இருக்கிறது. வலி, வாந்தி, வலிப்பு, படுக்கைப் புண் எல்லாவற்றையும் அடக்கலாம். 1993-ல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி நிவாரண இயக்கம் பக்கத்து மாநிலத்தில் வீட்டு வாசல் வரை போயிருக்கிறது. மார்ஃபின் கிடைப்பதைக் கடினமாக்கியிருந்த போதைப்பொருள் சட்டம் 2014-ல் திருத்தப்பட்டது. தமிழ்நாட்டில் 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து நோய்த்தணிப்புச் சேவையும் உடற்பயிற்சிச் சிகிச்சையும் தர வழி இருக்கிறது. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியுங்கள், வரவில்லை என்றால் திரும்பப் போய்க் கேளுங்கள். 'வீட்டுக்குக் கொண்டுபோங்க' என்று சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று அர்த்தமில்லை.

இங்கே உட்கார்ந்திருக்கும் டாக்டர்களிடம் ஒரு வேண்டுகோள். டிஸ்சார்ஜ் சம்மரியின் கடைசியில் ஐந்து வரி தமிழில் எழுதிக் கொடுங்கள்: கட்டியின் பெயர், நிலை, எந்த மாத்திரையை நிறுத்தக் கூடாது, அடுத்த ஸ்கேன் எப்போது, எது நடந்தால் உடனே வர வேண்டும். இந்த ஐந்து வரி இருந்தால் பாதி அலைச்சல் குறையும்.

மற்றவர்களிடம் கேட்பது இது. பின்வரிசை மேஜையில் ஒரு நோட்டு இருக்கிறது. நன்கொடை எழுதுவதற்கு அல்ல. உங்கள் ஊர், வாரத்தில் எந்த நாள் ஓய்வு, மதுரைக்கோ திருநெல்வேலிக்கோ ஒரு நோயாளியோடு போய்வர முடியுமா, தெலுங்கு தெரியுமா, இ.எஸ்.ஐ. படிவம் நிரப்பத் தெரியுமா என்று எழுதுங்கள். கட்டி எடுத்து நலமாக இருப்பவர்கள் முதலில் எழுதுங்கள். இப்போது பேச முடியாமல் வீட்டில் படுத்திருக்கிறவருக்குத் தேவை, டாக்டரின் அறைக்குள் கூட வந்து நின்று கேட்கிற ஒரு ஆள். நாளை எனக்குச் சொல் வராமல் போனால் எனக்காகக் கேட்கப் போகிறவர் பெயரும் அந்த நோட்டில்தான் இருக்க வேண்டும்.